படிவம் ஒன்பதில் வராளி

2025 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 17 ஆம் நாள், திங்கட்கிழமை, முற்பகல் பதினொரு மணிக்கு, செங்கல்பட்டைச் சேர்ந்த வீணை ஆசிரியர் ரங்கநாயகி, தம் மனத்தில் இன்னும் தோன்றாத இசையை எழுத்தில் வடித்து, மூன்று படிகள் எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பமிட்டு ஒப்படைக்க வேண்டும் என்று பணிக்கப்பட்டார். குறை இவ்வளவுதான். இதில் மிகை ஒன்றும் இல்லை. ஆணையின் எண்ணும் நாளும் அவரிடம் உள்ளன. ஆணையில் எழுவாய் இருந்தது, பயனிலையைத்தான் தேட வேண்டியிருந்தது என்பது வேறு செய்தி.

பணித்தது கடலோரக் கலை ஒழுங்கு வாரியம். செங்கல்பட்டு ஏரியைப் பார்த்தபடி நிற்கும் மூன்று மாடிக் கட்டடம் அதற்கு உண்டு. ஆண்டுதோறும் மே மாதத்தில், மாமல்லபுரத்துக் கடற்கரையில், பிற்பகல் மூன்று மணிக்குக் கோடை நாத விழா நடத்துவது அதன் தலையாய பணி. மே மாதத்தில் கடற்கரை மணலில் பிற்பகல் மூன்று மணிக்கு ஏன் என்று சிலர் கேட்டதுண்டு. டிசம்பரில் எல்லோரும் நடத்துகிறார்கள் என்பது வாரியத்தின் விடை.

ஈராண்டுகளுக்கு முன் நடந்த விழாவில் ஒரு பாடகர் மெய்ம்மறந்து பதினொரு நிமிடம் கூடுதலாகப் பாடிவிட்டார். குத்துவிளக்கின் அருகே காத்து நின்ற சிறப்பு விருந்தினர், அணைந்து அணைந்து போன மூன்று தீக்குச்சிகளைச் செலவிட நேர்ந்தது. வாரியம் விசாரணைக் குழு அமைத்தது. குழு ஐந்து முறை கூடி, விபத்துக்குக் காரணம் மனோதர்மம் என்று கண்டறிந்தது. அதாவது, இசைவாணர்கள் சிலவற்றை மேடையில், அந்தந்த நொடியில், தாமாகவே புனைந்துகொள்கிறார்கள். ஆலாபனை என்றும் கற்பனைச் சுரம் என்றும் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இது பல நூற்றாண்டுகளாக எவருடைய அனுமதியும் இன்றி நடந்து வருகிறது. இந்த அதிர்ச்சியிலிருந்து பிறந்தவைதாம் மனோதர்ம முன்னனுமதி விதிகள், இருபத்தேழு.

ரங்கநாயகிக்கு விழாவில் நாற்பது நிமிடம் ஒதுக்கப்பட்டிருந்தது. வராளி ராகம் வாசிக்க விரும்பினார். அந்த விருப்பத்தின் காரணத்தை வாசகர் அறிந்தாக வேண்டும்.

வராளியை ஆசிரியர் மாணவர்க்கு நேரே கற்பிப்பதில்லை. கற்பித்தால் இருவர் உறவும் முறிந்துவிடும் என்பது இசைக்காரர்களிடையே நெடுங்காலமாக உள்ள வழக்கு. மாணவர் அதைக் கேட்டுத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். ரங்கநாயகியும் அப்படித்தான் பிடித்தார். பாடம் முடிந்ததும் அவருடைய ஆசிரியர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு வராளி வாசிப்பார். இவர் செருப்பைத் தேடுவதாகப் பெயர் பண்ணிக்கொண்டு வாசலில் நிற்பார். ஐந்தாண்டுகள் செருப்புத் தேடியதில் வராளி வந்துவிட்டது. இந்த வழக்கை அவர் நம்புகிறாரா என்று கேட்டால், நம்பவில்லை என்றுதான் சொல்வார். ஆனால் இருபத்தொன்பது ஆண்டுகளாக எவருக்கும் வராளி கற்பித்ததில்லை. இப்போது அவரிடம் பயில்பவர் பன்னிருவர். பன்னிருவரையும் அவருக்குப் பிடிக்கும். சோதித்துப் பார்க்க மனம் வரவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் செருப்பை உடனே கண்டுபிடித்துப் போய்விடுகிறார்கள். ஆகவே அவர்கள் காதில் வராளி விழ ஒரே வழி, அவர் மேடையில் வாசிப்பதும் அவர்கள் கீழே உட்கார்ந்து கேட்பதுமே. நாற்பது நிமிடம் அதற்குத்தான்.

படிவம் ஒன்பதைப் பெற்றுக்கொண்டார். நான்காம் பத்தி: 'மேடையில் புனையவிருக்கும் பகுதிகளின் முழு விவரம்.' ரங்கநாயகி பொய் எழுதிப் பழகியவர் அல்லர். 'அப்போது தோன்றுவது' என்று எழுதினார். மூன்று படிகளிலும் எழுதினார்.

மறுவாரமே செயலர் சாரங்கபாணி அவரை அழைத்தார். தங்கச் சட்டமிட்ட கண்ணாடி அணிந்த, மிகவும் பணிவான மனிதர். இளமையில் எட்டு மாதம் புல்லாங்குழல் கற்றவர். அதைத் தொடராமல் விட்ட நாளே தம்முடைய கலை வாழ்வின் திருப்புமுனை என்று மேடைதோறும் கூறுபவர்.

"டீச்சர், கற்பனை கூடாதுன்னு வாரியம் என்னிக்காவது சொல்லியிருக்கா? தாராளமாப் பண்ணுங்க. நாப்பது நாள் முன்னாடியே பண்ணி முடிச்சுடுங்கன்னுதான் சொல்றோம்."

"அப்ப மேடையில என்ன சார் பண்றது?"

"உட்காரணும். அதுக்குத்தான மேடை."

என்ன வாசிக்கப் போகிறோம் என்பதே தெரியாத ஒருவரை மேடையேற்றினால் நாளைக்கு வாரியத்துக்கும் என்ன செய்கிறோம் என்று தெரியவில்லை என ஊரார் பேசுவார்கள் என்றும், அந்த ஐயம் எழாமல் காப்பதே தம் கடமை என்றும் அவர் விளக்கினார். ரங்கநாயகி படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

வெளியே எல்லப்பன் தம் குட்டியானைச் சரக்கு வண்டியில் சாய்ந்து நின்றிருந்தார். கருங்குழியில் உழவுக் குடும்பம்; நிலத்தை அண்ணன் பார்த்துக்கொள்ள, இவர் வண்டி ஓட்டுகிறார். பத்தாண்டுகளாக ரங்கநாயகியின் வீணை அவர் வண்டியில்தான் போய் வருகிறது. நடந்ததைக் கேட்டுக்கொண்டார்.

"இன்னா டீச்சரம்மா இது, இங்கேர்ந்து மாமல்லபுரம் போறதுக்குள்ள எங்கெங்க பிரேக் போடுவேன்னு நாப்பது நாளைக்கு முன்னாடியே எழுதிக் குடுக்கற மாதிரி கீது."

இவ்வாறு அவர் உரக்கச் சொல்லியிருக்கக் கூடாது. பத்து நாள் கழித்துப் படிவம் பதினான்கு வந்தது: இசைக்கருவி ஏற்றிவரும் வண்டி நிற்கும் இடங்களின் பட்டியல். எல்லப்பன் திருக்கழுக்குன்றத்தில் டீக்கடை என்று எழுதி, அடுத்த வரியில் 'மாடு குறுக்கே வந்தால் அங்கே' என்று சேர்த்தார். எந்த மாடு என்று வாரியம் விளக்கம் கேட்டது.

ரங்கநாயகி எழுதத் தொடங்கினார். மாணவர்களுக்குச் சுரம் எழுதிக் கொடுத்த கை; வேகமாகவே ஓடியது. ஆலாபனை பதினான்கு பக்கம், அதைத் தொடரும் தானம் ஆறு பக்கம், கீர்த்தனைக்குப் பின் வரும் கற்பனைச் சுரம் பதினொரு பக்கம். இனி எனக்கு என்ன தோன்றும் என்று தம்மையே கேட்டுக் கேட்டு எழுதினார். முதலில் எளிதாகவும், பிறகு கடினமாகவும், கடைசியில் மீண்டும் எளிதாகவும் இருந்தது. கடைசியில் எளிதானதுதான் அவரைக் கலங்கச் செய்தது. அவருக்கு மிருதங்கம் வாசிக்கும் வரதனும் தம்முடைய எதிர்வினைகளை முன்கூட்டியே எழுதித் தர வேண்டியிருந்தது. அவர் ஒரே சொல் எழுதினார்: 'மேற்படி.' அன்றே ஒப்புதல் கிடைத்தது.

ரங்கநாயகியின் முப்பத்தொரு பக்கங்கள் ஏழாம் பத்தியில் தடைப்பட்டன. 'இந்த ராகத்தைக் கற்பித்தவர் பெயர், முகவரி.' அவர் அங்கும் உண்மையையே எழுதியிருந்தார்: ஒருவரும் கற்பிக்கவில்லை.

"வேற ராகமெல்லாம் படிச்சு வாங்கியிருக்கீங்க. இது மட்டும் எப்படி உங்க கைக்கு வந்துது?" என்று சாரங்கபாணி கேட்டார். குரலில் கடுமை இல்லை, வருத்தமே இருந்தது. செருப்புத் தேடிய கதையை ரங்கநாயகி கூறினார். சாரங்கபாணி அதைக் குறித்துக்கொண்டார். கோப்பில் அது 'செவிவழி, அங்கீகாரமற்றது' என்று பதிவாயிற்று.

வாரியம் கனிவுடன் வழி கண்டது. விண்ணப்பதாரர் வாரியம் ஏற்கும் ஓர் ஆசிரியரிடம் பத்து மணி நேரம் வராளி கற்றுச் சான்று பெறலாம். மாவட்டத்தில் வாரியம் ஏற்ற வீணை ஆசிரியர் யார் என்று பட்டியலைப் பார்த்தார்கள். ஒரே பெயர்தான் இருந்தது: ரங்கநாயகி.

ஆகவே ஏப்ரல் மாதத்தில் பத்து நாள், வாரியத்தின் மூன்றாம் மாடியில், ரங்கநாயகி ரங்கநாயகிக்கு நாளும் ஒரு மணி நேரம் வராளி கற்பித்தார். மேற்பார்வைக்கு உதவியாளர் அம்சா அமர்த்தப்பட்டிருந்தார். வருகைப் பதிவேட்டில் ஆசிரியருக்கு ஒரு பத்தி, மாணவிக்கு ஒரு பத்தி.

"டீச்சர், ஆசிரியர் காலத்துல கையெழுத்துப் போட்டுட்டீங்க. ஸ்டூடண்ட் காலம் காலியாக் கீது," என்பார் அம்சா.

"நான்தானேம்மா ரெண்டும்?"

"அது எனுக்குத் தெரியும் டீச்சர். நோட்டுக்குத் தெரியாதே."

நான்காம் நாள் காய்ச்சல் வந்து ரங்கநாயகி வரவில்லை. மாணவிக்கு மருத்துவ விடுப்பு வழங்கப்பட்டது. ஆசிரியருக்கு விடுப்பு விதி இல்லாததால், வகுப்பை நடத்தாமல் மாணவியைக் காக்க வைத்தது ஏன் என்று குறிப்பாணை வந்தது. பத்தாம் நாள் இரண்டு மதிப்பீட்டுப் படிவங்களை நிரப்ப வேண்டியிருந்தது. களைப்பாக இருந்தார், எல்லாவற்றுக்கும் நேர்மையாகவே விடை எழுதினார். மாணவி ஆசிரியரைப் பற்றி: 'தேவைக்கு மேல் கண்டிப்பு.' ஆசிரியர் மாணவியைப் பற்றி: 'முன்பிருந்த ஆர்வம் இல்லை.' இருவருக்கும் இடையே நல்லுறவு காணப்படவில்லை என்று வாரியம் கோப்பில் எழுதியது. இசைக்காரர்களின் பழைய வழக்குக்கு ஆவணச் சான்று கிடைத்தது அதுவே முதல் முறை.

ஏப்ரல் 29 அன்று ஒப்புதல் ஒத்திகை. வாரியத்தின் தொழில்நுட்ப ஆலோசகர் ஹர்ஷவர்தன் கையகலத் தொடுதிரைப் பலகை ஒன்றுடன் வந்தார். நல்ல இளைஞர், ரங்கநாயகியின் பாதத்தைத் தொட்டு வணங்கிவிட்டே கருவியை இயக்கினார். எழுதிக் கொடுத்தபடி வாசித்தால் பச்சை, மாறினால் சிவப்பு. வரதன் மிருதங்கத்துடன் பக்கத்தில் அமர, ரங்கநாயகி வாசிக்கத் தொடங்கினார். இரண்டாம் வரியிலேயே சிவப்பு எரிந்தது.

"மேம், மா கொஞ்சம் மேல போகுது."

வராளியின் மத்திமம் அப்படித்தான். எழுத்தில் அது வெறும் 'ம'. வீணையில், தண்டில் பதித்த மெட்டின்மேல் விரலை வைத்து, தந்தியை ஒரு மயிரிழை பக்கவாட்டில் இழுத்தால், மேலே இருக்கும் பஞ்சமத்தின் மேல் சாய்ந்தாற்போல் அது நிற்கும். வராளி வராளியாவது அந்த மயிரிழையில்தான். ரங்கநாயகி இதைச் சொன்னார், வாசித்தும் காட்டினார். ஹர்ஷவர்தனுக்குப் புரிந்தது.

"சூப்பரா இருக்கு மேம். ஆனா சிஸ்டத்துல அந்த இடமே இல்லை. இழுக்காம, நேரா வெச்சுடுங்களேன். கிரீன் வந்துடும். ஸ்டேஜ்ல பாத்துக்கலாம்."

மேடை வேண்டுமென்றால் பச்சை வேண்டும். பன்னிருவர் கேட்க வேண்டுமென்றால் மேடை வேண்டும். ரங்கநாயகி நாற்பது நிமிடமும் தந்தியை இழுக்காமல் வாசித்தார். ஒவ்வொரு மத்திமத்திலும் விரல் தானாக நகரப் பார்த்தது. நகராமல் அழுத்திப் பிடித்துக்கொண்டார். முழுவதும் பச்சை. ஹர்ஷவர்தன் பதிவுசெய்துகொண்டார். வெளியே வந்தபோது விரல் நுனி சிவந்து வீங்கியிருந்தது. எல்லப்பன் வீணையை வாங்கி வண்டியில் ஏற்றினார்.

மே 18, ஞாயிற்றுக்கிழமை. மாமல்லபுரத்து மணலில் பந்தல். முதல் நான்கு வரிசைகள் அலுவலர்களுக்கு; ஐந்தாம் வரிசையில் பன்னிரு மாணவர்கள். இருபுறமும் ஆளுயர ஒலிபெருக்கிகள், பின்னால் கடல். எல்லப்பன் வீணை உறையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு மேடையோரம் நின்றார். வழியில் மாடு வந்தது. அதற்கு அனுமதி இருந்தது.

சாரங்கபாணி வரவேற்புரை ஆற்றினார்.

"முன்பெல்லாம் மேடையில் அடுத்து என்ன வரும் என்று கேட்பவர்களுக்கும் தெரியாது, வாசிப்பவர்களுக்கும் தெரியாது. அப்படி ஓர் அச்சத்தில் நம் முன்னோர்கள் வாழ்ந்தார்கள். இன்று வாரியத்துக்கு எல்லாம் தெரியும். எந்த அளவுக்கு என்றால், இந்தக் கச்சேரியை நாங்கள் கேட்க வேண்டிய அவசியம்கூட இல்லை."

முதல் நான்கு வரிசைகள் கைதட்டிவிட்டுக் கைபேசிக்குத் திரும்பின.

ரங்கநாயகி எழுதியதை எழுதியபடியே வாசித்தார். ஆலாபனை, தானம், கீர்த்தனை எல்லாம் பச்சை. கற்பனைச் சுரத்தின் மூன்றாம் சுற்றில், புரட்சி செய்யும் எண்ணம் சிறிதும் இல்லாமல், முப்பது ஆண்டுப் பழக்கத்தால் விரல் தந்தியை இழுத்துவிட்டது. மத்திமம் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. அதைக் கேட்டதும் அடுத்தது தோன்றியது. எந்தப் பக்கத்திலும் எழுதப்படாத அடுத்தது. வரதன் நிமிர்ந்து பார்த்தார். அவர் கையிலும் மேற்படிக்கு மேற்பட்ட ஒன்று வந்தது.

மேடைக்குக் கீழே சிவப்பு எரிந்தது. விதி பத்தொன்பதின்படி ஹர்ஷவர்தன் மேடையின் ஒலிவாங்கிகளை நிறுத்தி, ஏப்ரல் 29 ஆம் நாள் பதிவை ஒலிபெருக்கியில் விட்டார். மேடையில் எந்த இடத்தில் நின்றதோ அந்த இடத்திலிருந்தே பதிவு தொடர்ந்தது; ஹர்ஷவர்தன் வேலை தெரிந்தவர். இழுக்காத மத்திமத்துடன் வராளி மணல்வெளி முழுவதும் பரவியது. மேடையில் ரங்கநாயகியும் வரதனும் வேறொன்றை வாசித்துக்கொண்டிருந்தார்கள். அது நான்காம் வரிசை வரைதான் எட்டியது. அங்கே அதைக் கேட்க யாரும் இல்லை. இருந்தவர்கள் இருந்தார்கள், அவ்வளவே. ஒலிபெருக்கிகள் கூட்டத்தை நோக்கி இருந்தன, பின்னால் அலை இரைந்தது; ரங்கநாயகிக்கு ஒன்பது நிமிடம் வரை எதுவும் தெரியாது. பிறகு, தாம் கையை எடுத்த பின்பும் வீணை ஒலிப்பதைக் கேட்டார்.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. சால்வை அணிவித்தார்கள்.

வண்டி திருக்கழுக்குன்றத்தைத் தாண்டியது. எல்லப்பன் சொன்னார்: "டப்பாவுல வந்தது வேற, நீங்க வாசிச்சது வேற டீச்சரம்மா. எனுக்கு ராகம்லாம் தெரியாது. ஆனா நீங்க வாசிச்சது நெஞ்சாண்ட வந்து இன்னாவோ கேட்டுச்சு. டப்பா ஒண்ணும் கேக்கல."

மறுநாள் மாலை வகுப்பு. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் பிரபா, பன்னிருவரில் செவிக்கூர்மை மிக்கவர், எல்லோருக்கும் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"டீச்சர், நேத்து கேட்டதுலயே பிடிச்சிட்டேன். நீங்க சொல்லித் தர மாட்டீங்கன்னு தெரியும். சும்மா கேளுங்க, போதும்."

வாசித்தார். ஒலிபெருக்கியில் வந்ததை ஒரு சுரம் பிசகாமல் வாசித்தார். ஒவ்வொரு மத்திமமும் நேராக, பச்சையாக, மெட்டின்மேல் ஆணியடித்தாற்போல் நின்றது. "சரியா இருக்கா டீச்சர்?"

ரங்கநாயகி வாயைத் திறந்தார். இந்த இடத்தில் கொஞ்சம் இழு என்று நான்கு சொல் சொன்னால் போதும். சொன்னால் அது கற்பித்தல். ரங்கநாயகி ரங்கநாயகிக்குக் கற்பித்துப் பார்த்தாயிற்று. விளைவு கோப்பில் உள்ளது. வாயை மூடிக்கொண்டார். நாளைக்குப் பாடம் இல்லை என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் வாரியத்திலிருந்து ஒரே உறையில் இரண்டு தாள்கள் வந்தன. ஒன்று, விதிகளுக்கு முழுவதும் இணங்கி வாசித்தமைக்குப் பாராட்டுச் சான்று. மற்றொன்று, விதிகளை மீறி வாசித்தமைக்கு விளக்கம் கேட்கும் குறிப்பாணை. இரண்டிலும் நாள், இடம், நேரம், கையொப்பம் ஒன்றே. அவர் இரண்டையும் எடுத்துக்கொண்டு சாரங்கபாணியிடம் போனார்.

சாரங்கபாணி முன்னிலும் பணிவாக இருந்தார். இதில் ஒரு சிக்கலும் இல்லை என்றார். மேடையில் ஒலித்தது என்னுடைய வாசிப்பே என்று ஒரு வரியில் கையெழுத்திட்டால் குறிப்பாணை தானாகவே இறந்துவிடும். அடுத்த ஆண்டு அறுபது நிமிடம். அந்தப் பதிவை 'மாதிரி வராளி' என்று அவர் பெயருடன் கடலோரத்து இசைப்பள்ளிகள் அனைத்துக்கும் அனுப்பப் போகிறார்கள்.

"இருபத்தொன்பது வருஷமா வராளியை யாருக்கும் சொல்லிக் குடுக்க முடியலைன்னு வருத்தப்பட்டீங்க. வாரியம் ஒரே நாள்ல எல்லாருக்கும் சொல்லிக் குடுத்துடும். யாரோட உறவும் முறியாது. வாரியத்துக்கு யாரோடயும் உறவு கிடையாதே."

"அந்த மத்திமம் என்னுது இல்லை சார்."

"உங்க விரல்தானே?"

"விரல் என்னுது."

"அப்புறம் என்ன டீச்சர்? நீங்க வேற வாசிச்சீங்க, சரி. அது யார் காதுல விழுந்துது? எங்க நாலு வரிசைதான் பக்கத்துல இருந்தோம். சத்தியமாச் சொல்றேன், எங்கள்ல ஒருத்தர்கூடக் கேக்கல."

ரங்கநாயகி பேனாவை வாங்கினார். கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தில், மாணவர்களுக்கு எழுதும் அதே குண்டு எழுத்தில் எழுதினார்: 'ஒலித்தது என்னுடையது அன்று. நான் வாசித்தது ஒலிக்கவில்லை.' மூன்று படிகளிலும் எழுதினார். சால்வையை மடித்து மேசைமேல் வைத்தார்.

மூன்றாண்டுகளுக்கு அவருக்கு எந்த மேடையும் இல்லை என்று ஆணை வந்துவிட்டது. மாதிரி வராளி அனுப்பப்பட்டு வருகிறது. உறையில் அவர் பெயர் இருக்கிறது. முட்டுக்காட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் பிள்ளைகள் ஏற்கெனவே அதை மனப்பாடம் செய்துவிட்டார்களாம்.

இனி உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது. 2025 ஆம் ஆண்டு சூலை மாதம் 20 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணிக்கு, கருங்குழியில் எல்லப்பனின் அண்ணன் நெல் மூட்டை அடுக்கும் கிடங்கில் ரங்கநாயகி வீணை வாசிக்கிறார், வரதன் மிருதங்கம். ஆடியில் கிடங்கு காலியாக இருக்கும். ஒலிபெருக்கி இல்லை. முதல் வரிசை பிரபாவுக்கும் மற்றப் பதினொருவருக்கும். நீங்கள் அவர்களுக்குப் பின்னால், பாயில். ஐயா, அம்மா, இதைப் படித்துவிட்டு அந்தோ என்று மடித்து வைத்துவிடாதீர்கள். வாருங்கள். கைபேசியை அணைத்துவிட்டு நெருங்கி உட்காருங்கள். இருமல் வந்தால் வெளியே போய் இருமுங்கள். முடிந்ததும் உடனே எழுந்து போய்விடாமல், சற்று நேரம் செருப்பைத் தேடுங்கள். அன்று என்ன வாசிப்பார் என்று மட்டும் முன்கூட்டிக் கேட்காதீர்கள். அது அவருக்கே இன்னும் தெரியாது.